பேரன்ட்டல் கண்ட்ரோல் போட்டால் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?" என்பதுதான். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அடுத்த கேள்வியும் உடனே வந்து விடும். "பையன் கண்டதையும் பார்க்காம இருக்க ஏதாவது சாப்ட்வேர் இருக்கா தம்பி?"

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெரு அண்ணன் ஒருவரும் இதையேதான் கேட்டார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். போனஸ் பணத்தில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய், ஒரு டெஸ்க்டாப்பை அசெம்பிள் செய்து, லோக்கல் ட்ரெயினில் மடியில் வைத்துக் கொண்டு வந்தவர். ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்காக. நான் வேலை பார்ப்பது சென்னையில். சனி, ஞாயிறுகளில் ஊருக்கு வருவேன். சாப்ட்வேர் என்ஜினியர் என்றால் பிரின்டர் ரிப்பேர் முதல் கேஸ் புக்கிங் வரை எல்லாம் தெரியும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. மறுக்க முடியாது. போனேன்.

வேலை சுலபமானதுதான். விண்டோஸில் பையனுக்குத் தனி யூசர் அக்கவுண்ட் போட்டு, மைக்ரோசாப்ட் பேமிலி சேப்டியில் இணைத்து விட்டால் எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் ஓடலாம் என்று நாம் முடிவு செய்யலாம். வேண்டாத தளங்களைத் தடுக்கலாம். (இந்தத் தடுப்பு எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும். எனவே மற்ற பிரவுசர்களை அந்த அக்கவுண்டில் முடக்கி விட வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை.) பையன் இரண்டு வாரமாக அப்பா அக்கவுண்டிலேயே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தி இருந்தான். அவனுடைய பைல்களைப் புது அக்கவுண்டுக்கு மாற்றுவதற்காக டவுண்லோட்ஸ் போல்டரைத் திறந்தேன்.

40க்கும் மேற்பட்ட படங்கள். எல்லாவற்றிலும் ஒரே பையனின் முகம். பள்ளி விழா போட்டோ ஒன்றிலிருந்து வெட்டி எடுத்தது. ஒரு படத்தில் அந்த முகம் பானிபூரி வண்டியின் பின்னால். இன்னொன்றில் ரயில் கூரையின் மேல். மற்றதை எழுத எனக்கு விருப்பம் இல்லை.

விசாரித்தால் விஷயம் இதுதான். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. வாட்ஸ்அப் வைத்துக் கொள்ள 13 வயது ஆக வேண்டும் என்பது விதி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு 12தான். அதனால் குரூப்பில் இருப்பவை எல்லாம் அம்மா, அப்பாவின் எண்கள். நம் பையன் அம்மாவின் போனிலிருந்து க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைத்திருந்தான். அதில் ஸ்டிக்கர் தயாரிக்கும் வசதி இருக்கிறது. படத்தைக் கொடுத்தால் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, எழுத்தும் சேர்க்கலாம். போனை விடப் பெரிய திரை, கையில் மவுஸ். வேலை சுத்தமாக வருகிறது. வகுப்பில் கம்ப்யூட்டர் வந்த முதல் சில வீடுகளில் இது ஒன்று. ஸ்டிக்கர் ஆர்டர்கள் இவனுக்கே வந்திருக்கின்றன.

"ஜாலிக்குத்தாண்ணா. அவனும் சிரிச்சான்" என்றான்.

குரூப்பை மேலே தள்ளிப் பார்த்தேன். அந்தப் பையனின் எண் இரண்டு முறை குரூப்பை விட்டு வெளியேறி இருக்கிறது. இரண்டு முறையும் யாரோ திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். அந்த எண் பையனுடையது அல்ல, அவன் அப்பாவுடையது. ஒடிசாவிலிருந்து வந்து இங்கே இரும்பு ரோலிங் மில்லில் வேலை பார்ப்பவர். ஷிப்ட் முடித்து வந்து போனைத் திறக்கும் அந்த மனிதருக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் இருக்கலாம். படம் புரியாமல் இருக்குமா?

அண்ணன் என்னைக் கேட்டது, வெளியிலிருந்து தன் மகனுக்கு எதுவும் வந்து விடக் கூடாது என்பதற்கு. நானும் அதற்கான சாப்ட்வேரைத்தான் போட்டுக் கொண்டிருந்தேன். இவன் வீட்டிலிருந்து வெளியே போவதைத் தடுக்க எந்த சாப்ட்வேரிலும் பட்டன் இல்லை. வாட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை பூட்டப்பட்டுப் போகின்றன. பேமிலி சேப்டி அவற்றைப் படிக்காது. வாரா வாரம் அது அனுப்பும் ரிப்போர்ட்டில் 'வாட்ஸ்அப் இத்தனை மணி நேரம்' என்றுதான் இருக்கும்.

ஊரும் ஒரு காரணம்

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னை புறநகர் ரயில்களில் பல இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டியோடு நின்று விடும். அதற்கு மேல் போனால் எளாவூர், ஆரம்பாக்கம், பிறகு ஆந்திரா. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. சிப்காட் வேலைக்காக பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்களில் பலர் இப்போது குடும்பத்தோடு தங்கி விட்டார்கள். இலங்கைத் தமிழர் முகாமும் இங்கே இருக்கிறது. ஒரு வகுப்பறையில் நாலைந்து விதமான பேச்சு கேட்கும். கேலி செய்யக் காரணம் தேடும் 12 வயதுப் பையனுக்கு இதை விட வசதியான ஊர் கிடைக்காது.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. 2009 ஜூனில் நான் ஏழாம் வகுப்பில் சேர்ந்தேன். வன்னியில் போர் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வகுப்பில் முகாமிலிருந்து ஒரு பையன் இருந்தான். வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "ஓம்" என்பான். அவர்கள் பேச்சில் 'ஆமாம்' என்பதற்கு அதுதான் சொல். அவனுக்கு 'ஓம்' என்றே பெயர் வைத்தோம். அவன் எழுந்து நின்றால் பின் பெஞ்சில் இருந்து யாராவது கோயில் மணி ஓசை எழுப்புவார்கள். 'அகதி' என்பதும் எங்களுக்கு ஒரு பட்டப் பெயர்தான். நான் மணி ஓசை எழுப்பியதில்லை. சிரித்திருக்கிறேன். அரையாண்டுக்குப் பிறகு அவன் வரவில்லை. பெயிண்டிங் வேலைக்குப் போகிறான் என்றார்கள். கேலிதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை எடுத்து விட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றிய செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த பின் பெஞ்ச்தான் ஞாபகம் வந்தது.

அப்போது எங்கள் கேலி மாலை 4 மணி மணியோடு முடிந்து விடும். அவன் வீட்டுக்குப் போய் விடலாம். இப்போது அப்படி இல்லை. குரூப் களைகட்டுவதே டியூஷன் முடிந்த பிறகுதான்.

நீதி போதனை பீரியட்

பள்ளிகளில் நல்ல குணங்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. நான் படித்தபோதும் டைம் டேபிளில் 'நீதி போதனை' என்று ஒரு பீரியட் இருந்தது. போர்ஷன் முடிக்காத கணக்கு வாத்தியார் அதை எடுத்துக் கொள்வார். 2016ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, திருக்குறளின் 105 அதிகாரங்களை 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பாடமாக வைக்கச் சொன்னது. நல்ல விஷயம். ஆனால் குறளை மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவன்தான் இந்த ஸ்டிக்கர்களைச் செய்தவன். கேடயம் அவர்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில், மானிட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பள்ளிக்கூடத் தொல்லை எங்கே போய் முடியும் என்பதை 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பார்த்தோம். பிளஸ் 2 படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், கூடப் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஆசிரியர்கள் காரணம் கேட்டார்கள். சொன்னார். அதைத் தொடர்ந்து, அரிவாளோடு வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். இதன் பிறகுதான் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் கூடாது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது. மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை வாரம் ஒரு பீரியட் அறநெறி வகுப்பும் அவற்றில் ஒன்று.

அந்தப் பீரியடை நான் ஆதரிக்கிறேன், கணக்கு வாத்தியார் கைக்குப் போகாத வரை. மார்க் போடாத வரை என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். மார்க் போட்டால் 'கருணை - குறிப்பு வரைக' என்று கைடு வந்து விடும்.

நாங்குநேரியில் எனக்குப் பயம் தரும் இடம் வேறு. 'யாராவது தொல்லை கொடுத்தால் பெரியவர்களிடம் சொல்' என்றுதான் நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்த மாணவர் சொன்னார். சொன்ன பிறகுதான் வெட்டு விழுந்தது. சொல்பவனைக் காப்பாற்ற ஏற்பாடு இல்லாமல் 'சொல், சொல்' என்று மட்டும் பாடம் நடத்துவது நியாயமில்லை.

இதைப் பல வருடம் முன்பே யோசித்த நாடுகள் உண்டு. நார்வேயில் 1983ல், சக மாணவர்களின் தொல்லையால் சிறுவர்கள் தற்கொலை செய்து கொண்ட பிறகு, டான் ஒல்வியஸ் என்ற உளவியல் பேராசிரியரின் ஆய்வை வைத்து நாடு முழுக்கப் பள்ளிகளில் இயக்கம் நடத்தினார்கள். எது கேலி, எது கொடுமை என்பதற்கு அவர் வைத்த அளவுகோல் எனக்குப் பிடிக்கும். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, திருப்பி அடிக்க முடியாதவனிடம் செய்வது. மூன்றும் சேர்ந்தால் அது ஜாலி இல்லை. 40 ஸ்டிக்கர், 38 பேர் குரூப், ஒரே பையன். கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் 2006 முதல் உருவாக்கிய 'கிவா' என்ற திட்டம் இன்னும் சுவாரஸ்யமானது. செய்பவன், படுபவன் இருவரை மட்டும் பிடித்துக் கொள்ளாமல், சுற்றி நின்று சிரிப்பவர்களைத்தான் அது குறி வைக்கிறது. சிரிப்பு நின்றால் செய்பவனுக்கு வேலை இல்லை என்பது அவர்கள் கணக்கு. சின்ன வகுப்புகளுக்கு இதற்காகவே ஒரு கம்ப்யூட்டர் கேமும் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருவனைச் சீண்டுகிறார்கள், நீ என்ன செய்வாய் என்று கேட்டு விளையாட வைக்கும். நம் தமிழில் இப்படி ஒன்றை யாராவது செய்தால் நான் சம்பளம் இல்லாமல் கோட் எழுதித் தருகிறேன். நிஜமாகவே சொல்கிறேன்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டரை ஹாலில் வையுங்கள். பெட்ரூமில் வேண்டாம். திரை வாசல் பக்கம் தெரிகிற மாதிரி இருக்கட்டும். ஒளிந்திருந்து பார்க்கும் 'ஸ்பை' சாப்ட்வேர் எதுவும் போடாதீர்கள். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைப்பவற்றில் சில, உங்கள் பாஸ்வேர்டையே திருடும். தவிர, தெரியாமல் வேவு பார்த்தீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லாது.

குரூப் உங்கள் எண்ணில் இருந்தால், அதில் நடப்பது உங்கள் பெயரில் நடக்கிறது. என் அண்ணியின் எண்ணிலிருந்துதான் அத்தனை ஸ்டிக்கர்களும் போயிருக்கின்றன. அவருக்கு அது தெரியாது. 'ஹோம்வொர்க் குரூப்' என்று ம்யூட் செய்து வைத்திருந்தார். 38 வீட்டுப் பெரியவர்களும் ம்யூட் செய்திருக்க வேண்டும், அல்லது பார்த்து விட்டுப் போயிருக்க வேண்டும். எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. வாரம் ஒரு முறை, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக் கொண்டே அந்தக் குரூப்பைத் திறந்து பாருங்கள்.

"உன்னை யாராவது கிண்டல் பண்றாங்களா?" என்று கேட்காதீர்கள். "இல்லை" என்ற பதில்தான் வரும். "உங்க கிளாஸ்ல எல்லாரும் யாரைக் கிண்டல் பண்றாங்க?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வரும். "நீ அப்ப என்ன பண்ணுவ?" என்பது அடுத்த கேள்வி. பேச்சு அங்கேதான் ஆரம்பமாகும்.

உங்கள் பிள்ளையே கேலிக்கு ஆளாகி இருந்தால், கோபத்தில் எதையும் அழித்து விடாதீர்கள். கீபோர்டில் விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் வேண்டிய பகுதியைப் படமாக எடுக்கலாம். தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரிகிற மாதிரி எடுத்து, தனி போல்டரில் சேமியுங்கள். அனுப்பியவர் இரண்டு நாளைக்குள் 'எல்லோருக்கும் அழி' கொடுத்து விட முடியும் என்பதால் தாமதிக்க வேண்டாம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவஸி, அதில் குரூப்ஸ் போனால், குறிப்பிட்ட சிலர் உங்களைக் குரூப்பில் சேர்க்க முடியாதபடி தடுக்கலாம். பிறகு பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். 'புகார் கொடுத்தது என் பிள்ளை என்று வகுப்பில் சொல்லக் கூடாது' என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால் பள்ளியோடு நிற்காதீர்கள். போலீசுக்குப் போக வேண்டும். அந்தப் படத்தை 'பாருங்க அநியாயத்தை' என்று நாலு பேருக்கு நீங்களே பார்வர்ட் செய்வது மட்டும் கூடவே கூடாது.

சரி, செய்தவன் உங்கள் பிள்ளையாக இருந்தால்? இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அண்ணன் பெல்ட்டை உருவினார். கம்ப்யூட்டரைத் திரும்ப விற்று விடுகிறேன் என்றார். நான் தடுத்தேன். அடித்தால் அவன் கற்றுக் கொள்வது, தன்னை விடப் பலம் குறைந்தவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதைத்தான். அது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். பதிலாக என் ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொன்னேன். ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துக் குறை சொல்வது எங்களுக்கு அன்றாட வேலை. 'இந்த வரி தப்பு' என்று எழுதலாம். 'நீ மக்கு' என்று எழுதக் கூடாது. கோடைத் திருத்தலாம், ஆளின் ஊரையும் முகத்தையும் அவன் எப்படித் திருத்திக் கொள்வான்? பையன் கொஞ்ச நேரம் மவுஸையே பார்த்துக் கொண்டிருந்தான். அப்புறம் "அவன் நல்லா செஸ் ஆடுவாண்ணா" என்றான். ஏன் சொன்னான் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

குரூப்பில் மன்னிப்புக் கேட்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. 38 பேர் முன்னால் அதுவும் ஒரு வேடிக்கையாகி விடும். ஸ்டிக்கர்களை அவனே அழித்தான். இரண்டு நாள் கழித்து யாரோ புது ஸ்டிக்கர் கேட்டபோது, 'இனிமே பண்ண மாட்டேன்' என்று அவனாகவே டைப் செய்திருக்கிறான். அடுத்த வாரம் நான் போனபோது முகம் வாடி உட்கார்ந்திருந்தான். "இப்ப என்னைக் கலாய்க்கிறாங்கண்ணா. பானிபூரி பார்ட்னராம்." நியாயமாக இருந்ததற்கு இது விலை என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணி அன்றைக்கே ம்யூட்டை எடுத்து விட்டு, தன் பெயரில் குரூப்பில் ஒரு வரி எழுதினார். 'நான் இவன் அம்மா. எல்லாம் படிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்.' அன்று இரவு குரூப்பில் ஒரு செய்தியும் வரவில்லை. மறுநாள் இன்னும் இரண்டு அம்மாக்கள் பேசினார்கள்.

ஒடிசாப் பையனுக்குத் தனியாக ஒரு 'சாரி' அனுப்பியிருக்கிறான். ஆங்கிலத்தில், அப்பாவும் படிக்கட்டும் என்று. ப்ளூ டிக் விழுந்து மூன்று வாரம் ஆகிறது. படித்தது மகனா, ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவா தெரியாது. பதில் இல்லை. "ரிப்ளை வருமாண்ணா?" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறான். வரணும்னு கட்டாயம் இல்லைடா என்று சொல்லி விட்டு, வந்த வேலையாக விண்டோஸ் அப்டேட்டைப் போட்டு விட்டு வருகிறேன்.